மூன்றாவது கறுப்புக் கட்டம்

சுவரில் முட்டிக்கொள்வதற்குத்தான் இன்பராஜுக்குச் சம்பளம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வேலையே அதுதான். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு கட்டடம், நாலாவது மாடி. வெளிநாட்டுக்காரன் செய்கிற வீடியோ கேம்களைக் கடைக்கு விடுவதற்கு முன்னால் அங்கே ஆள் வைத்து ஆடிப் பார்ப்பார்கள். கேமுக்குள் ஒரு தெரு இருந்தால் அந்தத் தெருவின் ஒவ்வொரு சுவருக்கும் பொம்மை மனுசனை நடத்திக்கொண்டுபோய் மோத வேண்டும். சுவர் சுவராக நின்றால் சரி. பொம்மை சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் விழுந்துவிட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் இப்படி முட்ட இளவட்டங்களுக்குப் பொறுமை கிடையாது. இன்பராஜுக்கு உண்டு.

ஐம்பது வயது. படிப்பு எட்டாவது. கேஜிஎஃப் மாரிகுப்பத்தில் பிறந்து, அப்பா வேலை பார்த்த அதே தங்கச் சுரங்கத்தில் இருபத்தோரு வயசில் இறங்கினார். ஐந்து வருசம் முடிவதற்குள் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் மாதிரி அவரும் ரயில் ஆள் ஆனார். விடிவதற்கு முன்னால் ஏறி பெங்களூர், இருட்டின பிறகு இறங்கி வீடு. பெயிண்ட் அடித்தார். செங்கல் தூக்கினார். ஒரு மாலின் வாசலில் நின்று போகிறவன் வருகிறவன் பையையெல்லாம் திறக்கச் சொன்னார். கடைசியில் இந்த ஆபீசுக்கு செக்யூரிட்டியாக வந்தார்.

செக்யூரிட்டியை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தது ஷில்பா. அந்த ஆபீசில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அவள்தான் தலைவி. இருபத்தைந்து வயசு. ஒரு நாள் ஆள் குறைந்தபோது, "மாமா, சும்மா செவுத்துல முட்டிக்கினே இருக்கணும், செய்வீங்களா?" என்று கேட்டாள். "வீட்ல விமலா கிட்ட முட்டறதுதானே, பழக்கம் கீது" என்றார் இன்பராஜ். விமலா அவர் பெண்சாதி. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். ஒப்பந்த ஆள்தான், ஆனாலும் கழுத்தில் கார்டு, ஏசி அறை. மேனேஜர் விநாயக் முதலில் மூக்கைச் சுளித்தான். ஒரு மாசத்தில் இன்பராஜ் கண்டுபிடித்துக் கொடுத்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஷில்பா அவருக்காக ஏன் அவ்வளவு நின்றாள்? அவள் காத்தவராயன் மகள். மாரிகுப்பத்தில் காத்தவராயனைத் தெரிந்தவர்களுக்கு இன்பராஜ் கதையும் தெரியும். தெரியாதவர்களுக்குக் காத்தவராயனே சொல்லிவிடுவார். அவரும் தினமும் அதே ரயிலில்தான் வருகிறவர். ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்டில் தண்ணி மோட்டார் போடுகிற வேலை. ரயிலில் புது முகம் ஒன்று எதிரே உட்கார்ந்தால் போதும், முட்டியைத் தடவிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"தொண்ணூத்தொம்போது, ஜூலை மாசம். ரெண்டாவது ஷிஃப்ட்டு. ஏர்பிளாஸ்ட்டுன்னா தெரியுமா சார் உங்களுக்கு? மேல இருக்கிற பாரம் தாங்காம பாறை தானா வெடிக்கும். வெடிச்சிது பாருங்க, காது போச்சி, செவுத்து வௌக்கு போச்சி, மூக்கு வரிக்கும் தூசி. அல்லாரும் கேஜுக்கு ஓடினாங்க. எனக்கு முட்டில கல்லு. நொண்டிக்கினு வரேன். எடுத்துடுவாங்கடா, எடுத்துடுவாங்கடான்னு அடிச்சிக்குது மனசு. பார்த்தா இவன்! ரெண்டு கையாலயும் கதவப் புடிச்சிக்கினு நிக்கிறான். உள்ள கீறவன்லாம் மூடு மூடுன்னு கத்தறான். மூடலியே! நான் உள்ள வந்து விழுந்தப்புறம்தான் கதவு சாத்துச்சி. அடுத்த வருசம்தான் இவ பொறந்தா."

அந்த இடத்தில் ஷில்பாவைத் தட்டிக் காட்டுவார். ஷில்பா காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமலே சிரிப்பாள். "நைனா, டிக்கெட் போட்டு வித்துடு இந்தக் கதைய" என்பாள். ஆனால் இன்பராஜிடம் தனியாக ஒருமுறை சொல்லியிருக்கிறாள்: "நீங்க இல்லன்னா நான் ஏது மாமா."

கேஜ் என்பது ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. கதவு சாத்தினால்தான் மணி அடிக்கலாம். மணி அடித்தால்தான் மேலே இருக்கிற டிரைவர் கூண்டை இழுப்பார். இது சட்டம். அதனால் கதவு திறந்திருக்கிற வரைக்கும் கேஜ் நகராது. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நடந்தது வேறு.

இன்பராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. சாத்துவதற்கு இழுத்துக்கொண்டிருந்தார். கீழே கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு கல் மாட்டியிருந்தது. இரண்டு கையாலும் உயிர் போகிற மாதிரி இழுத்தார். அசையவில்லை. காத்தவராயன் உள்ளே வந்து தொப்பென்று விழுந்த அதிர்வில் கல் தெறித்தது, கதவு ஓடிச் சாத்திக்கொண்டது. தூசியிலும் இருட்டிலும் கல்லை யாரும் பார்க்கவில்லை. மேலே வந்ததும் காத்தவராயன் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மறுநாள் திறந்திருக்கலாம். யூனியன் கூட்டத்தில் மாலை போட்டபோது திறந்திருந்தால் அசிங்கம். அப்புறம் வருசம் ஓடிவிட்டது.

கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பிடித்துக்கொண்டுதான் நின்றோமோ? கல் என்பதுதான் பின்னால் வந்த நினைப்போ? மனுசன் மனசு அப்படித்தான், தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். அந்தச் சந்தேகத்தைத் தலையணையாக வைத்துத்தான் இன்பராஜ் இத்தனை வருசம் தூங்கினார்.

இந்த வருசம் ஆபீசுக்கு ஒரு பெரிய கேம் வந்தது. அதன் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். அதில் ஒரு பாகம் முழுக்கச் சுரங்கம். விநாயக் அதை ஷில்பாவுக்கும் இன்பராஜுக்கும் ஒதுக்கினான். "நீவு கேஜிஎஃப் ஜனா. மைன் உங்க அப்பா வீட்டு சொத்து, தகொள்ளி, எடுத்துக்கோங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சிரித்தான்.

சுவர் முட்டுவதோடு இதில் இன்னொரு வேலையும் இருந்தது. அச்சீவ்மென்ட் என்பார்கள். கேமில் ஒரு காரியத்தை முடித்தால் திரை மூலையில் சின்ன மெடல் ஒன்று எட்டிப் பார்க்கும். நூறு கல் உடைத்தால் ஒன்று, பத்து பேரைக் காப்பாற்றினால் ஒன்று. எதற்கு எது என்று பட்டியல் இருக்கும். ஆனால் சிலது மறைத்துவைத்த மெடல். பட்டியலில் வெறும் கறுப்புக் கட்டம், மேலே ஒரு பூட்டு. என்ன செய்தால் திறக்கும் என்று எழுதியிருக்காது. நீ செய்து முடித்த பிறகுதான் நீ செய்தது இன்னது என்று அது சொல்லும். ஆடுகிறவனுக்குத் தானாகத் தட்டுப்படுகிறதா பார்க்க வேண்டும் என்று, கேம் செய்தவர்கள் அந்த ரகசியத்தை டெஸ்ட் பண்ணுகிறவர்களுக்கும் சொல்லவில்லை.

சுரங்கப் பாகத்தில் மூன்று கறுப்புக் கட்டம். முதல் கட்டத்தை ஷில்பா திறந்தாள், எலிக்கு ரொட்டி போட்டால் வருகிற மெடல். இரண்டாவதை இன்பராஜ் திறந்தார். கண் எரிகிறது என்று பொம்மையின் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார், ஐந்து நிமிசத்தில் மெடல் எட்டிப் பார்த்தது. ஆபீசே கை தட்டியது. "அங்கிள் சும்னே உக்காந்துக்கினே ஜெயிச்சுட்டார்" என்றான் விநாயக்.

மூன்றாவது கட்டம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் திறந்தது.

ஷில்பா டீ குடிக்கப் போயிருந்தாள். இன்பராஜ் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். சுரங்கப் பாகத்தின் முடிவில் சைரன் அடிக்கும், கூரை இடியும், கூட வேலை செய்த நாலு பொம்மைகளோடு கூண்டில் ஏறி மேலே வர வேண்டும். அதை அவர் முப்பது தடவை ஆடியிருக்கிறார். எல்லாத் தடவையும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தார். அன்றைக்கு மூன்று பேர் ஏறிவிட்டார்கள். நாலாவது ஆள் தூரத்தில் வருகிறான், தலை விளக்கு மேலும் கீழும் ஆடுகிறது. கேம் செய்தவர்கள் புதுசாகச் சத்தம் சேர்த்திருந்தார்கள் போலிருக்கிறது. காதுக்குள் பாறை வெடித்தது. அந்தச் சத்தம் அசல். இன்பராஜின் தோள் குலுங்கியது. கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. கதவு சாத்தியது. கூண்டு மேலே ஏறியது. கீழே அந்த விளக்கு ஓடிவந்து நின்றது.

திரை மூலையில் மெடல். கூட இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படித்தார். தனியாக வந்தவன் என்று அர்த்தம்.

மூன்று பொம்மைகள் கூண்டுக்குள் நின்றுகொண்டுதான் இருந்தன. இருந்தாலும் அப்படித்தான் பேர் வைத்திருந்தார்கள்.

இன்பராஜ் ஹெட்போனைக் கழற்றினார். யாரும் பார்க்கவில்லை. இருபத்தாறு வருசத்துச் சந்தேகம் ஒரு பட்டனில் தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை பள்ளத்தில் கல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டெஸ்ட் கணக்கை அழித்துவிட்டுப் புதுசாகத் தொடங்க ஒரு பட்டன் உண்டு, தினமும் நாற்பது தடவை அழுத்துவார்கள். அழுத்தினார். மெடல் போனது. கறுப்புக் கட்டம் மறுபடி பூட்டோடு நின்றது.

ஷில்பா கையில் பேப்பர் கப்போடு வந்தாள். "இன்னா மாமா, ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணியும் வரல."

அன்றிலிருந்து ஷில்பா பட்ட பாட்டை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டம் திறக்காமல் அவளுக்குத் தூக்கம் இல்லை. விளக்கையெல்லாம் உடைத்தாள். பொம்மையைக் குதிக்கவைத்தாள், நடனம் ஆடவைத்தாள், தண்ணீர்க் குட்டையில் அரை மணி நேரம் நிறுத்தினாள். நாலு பேரையும் முதலில் ஏற்றிவிட்டுத் தான் கடைசியாக ஏறிப் பார்த்தாள். தான் மட்டும் கீழேயே நின்று செத்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்பராஜ் திரையைப் பார்க்காமல் தன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க ஒரிஜினல் மைன் ஆளு. யோசிங்களேன். கேஜ் கிட்ட வேற இன்னா செய்வாங்க?"

"கேஜ் கிட்ட இன்னாத்த செய்வாங்க. ஏறுவாங்க, வருவாங்க."

"அந்தக் கட்டம் என்னப் பார்த்து சிரிக்குது மாமா."

வீட்டில் சோற்றைப் பாதியில் வைத்தார். "இன்னா, பொம்ம வேலைல போயி இன்னா தொல்ல உனக்கு?" என்றாள் விமலா. "செவுத்துல முட்டி மூள கலங்கிப் போச்சா?" இன்பராஜ் தட்டில் கை கழுவினார். சொல்லிவிடலாம்தான். கை தவறி அழுத்திவிட்டேன் என்றால் முடிந்தது, யார் கேட்கப் போகிறார்கள்? கேம்தானே. ஆனால் ஷில்பா அதை ரயிலில் அவள் நைனாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். காத்தவராயன் தொடையைத் தட்டிச் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி அந்தக் கதையை ஆரம்பிப்பார். அதைத்தான் இன்பராஜால் இன்னொரு தடவை கேட்க முடியாது.

வியாழக்கிழமை ஷில்பா ரிப்போர்ட் அனுப்பினாள். மூன்றாவது கட்டம் எந்த வழியிலும் திறக்கவில்லை, கேமில் கோளாறு, சரிசெய்யவும் என்று அடித்துச் சொல்லியிருந்தாள். அது சின்ன விசயம் இல்லை. அப்படி எழுதினால் கேம் வெளியாவதே தள்ளிப்போகும்.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது. விநாயக் கண்ணாடி அறைக்குள் ஷில்பாவைக் கூப்பிட்டான். கதவு திறந்தே இருந்தது, இன்பராஜுக்கு எல்லாம் கேட்டது.

"ஷில்பா, ஏனிது? அவங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகுதம்மா. மூணாவது அச்சீவ்மென்ட் செவ்வாய்க்கிழமை ரெண்டு பதினேழுக்கு திறந்திருக்கு. எங்க இருந்து? நம்ம ஆபீஸ்ல இருந்து. உன் டீம் அக்கவுன்ட். நீ திறக்கவே இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்க."

"சார், சத்தியமா திறக்கல."

"அப்போ அவங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? பார்த்துட்டு மறைச்சோம்னு நினைக்கிறாங்க. மூணு மணிக்கு அவங்க கூட வீடியோ கால். உன் பர்மனென்ட் ஆர்டர் என் மேஜைல இருக்கு. நான் கையெழுத்து போடட்டுமா, கிழிச்சுப் போடட்டுமா? நீயே சொல்லு."

ஷில்பா வெளியே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நேராக நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி அந்தச் சுரங்கத்தை ஆரம்பித்தாள். சைரன் அடித்தது. ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர் ஏறினார்கள். நாலாவது ஆளுக்காகக் காத்து நின்றாள். ஏற்றிக்கொண்டாள். மேலே வந்தாள். மறுபடி ஆரம்பித்தாள்.

மணி இரண்டரை. இன்பராஜ் எழுந்தார். "ஷில்பா, கொஞ்சம் படிக்கட்டு பக்கம் வா."

"அப்புறம் மாமா."

"இப்பவே வாம்மா."

படிக்கட்டில் பீடித் துண்டுகளும் பழைய கீபோர்டுகளும் கிடந்தன. இன்பராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கட்டத்த நான்தான் தொறந்தேன். செவ்வாய்க்கிழம."

ஷில்பா அவர் முன்னால் வந்து நின்றாள். "எப்டி?"

"மூணு பேரு ஏறினப்புறம் கதவ மூடணும். நாலாவது ஆளு ஓடியாந்துக்கினு இருக்கிறப்பவே."

"அவ்ளோதானா?" பெருமூச்சும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, நூறு தடவ ஆடினேனே! ஆளு வெளில கீறப்போ கதவ மூடறதா? எனக்குத் தோணவே இல்ல மாமா!"

அந்த வார்த்தைதான் இன்பராஜுக்கு இடித்தது. நூறு தடவையில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் அவள் கேட்டு வளர்ந்த கதை. அந்தக் கதையின் முதலாளி அவர்தான்.

"கை தவறிப் பட்டுடுச்சா மாமா?" என்றாள் ஷில்பா. அவளே வழி காட்டிவிட்டாள். தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல. பயத்துல மூடினேன்."

"சரி, அதனால இன்னா? ஏன் மாமா மறைச்சீங்க? மூணு நாளு என்ன நாயா அலைய விட்டீங்களே."

"அன்னிக்கும் அதான் நடந்துச்சு. தொண்ணூத்தொம்போதுல. நான் கதவப் புடிச்சிக்கினு நிக்கல. மூடத்தான் இழுத்தேன். கல்லு மாட்டிக்கினு வரல. உங்க நைனா தப்பா பார்த்துட்டாரு. நானும் சொல்லல."

கீழே எந்த மாடியிலோ ஒரு கதவு அடித்துக்கொண்டது. ஷில்பா அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வருகிறதா என்று இன்பராஜ் பார்த்தார். கோபம் இல்லை. கேமில் ஓட்டை கண்டுபிடிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நன்றாக இருந்த சுவருக்குள் பொம்மை புகுந்து அந்தப் பக்கம் விழுந்துவிட்ட மாதிரி.

"மூணு மணிக்குக் கால் கீது" என்றாள். திரும்பி உள்ளே போனாள்.

உட்கார்ந்து ஒரே ஆட்டத்தில் மூன்று பேரை ஏற்றினாள். நாலாவது விளக்கு ஆடிக்கொண்டு வந்தது. அவள் விரல் பட்டன் மேலே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் அந்த ஆள் ஏறிவிட்டான். "ச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். மெடல் வந்தது. வீடியோவை எடுத்துக்கொண்டாள். ஃபார்மில் எப்படித் திறந்தது என்று வரிசையாக அடித்தாள். முதலில் திறந்தவர் பெயர் என்ற இடத்தில் இன்பராஜ் என்று அடித்தாள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

கால் முடிய ஒரு மணி நேரம் ஆனது. ஷில்பா தப்பித்தாள். விநாயக் அவள் ஆர்டரில் கையெழுத்துப் போட்டான், ஆனால் திட்டாமல் விடவில்லை. "எந்த டெஸ்டரும் முதல்ல அதத்தானே பண்ணிப் பார்ப்பான்? கதவ மூடிட்டு ஓடறது! நீங்க ரெண்டு பேரும் எந்த ஊர் ஆளுங்க குரு?" பிறகு இன்பராஜைக் கூப்பிட்டான். அவனுக்கும் சங்கடம்தான், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அங்கிள், தப்பு பண்ணலாம். ரெக்கார்ட அழிக்கக்கூடாது. க்ளையன்ட் ஒப்புக்கமாட்டான்." இன்பராஜ் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காரணம் கேட்டான். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவன் இல்லை.

சாயங்கால ரயிலில் காத்தவராயன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஃப்ரெடி, பெங்களூரில் ஃபேக்டரி வேலை பார்க்கிற மாரிகுப்பத்து ஆள், தூங்கி வழிந்துகொண்டிருந்தான். காத்தவராயன் கண் முதலில் இன்பராஜின் கழுத்துக்குத்தான் போனது.

"இன்னாடா, தாலிய எங்க வச்சிட்டு வந்த?"

ஷில்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "மாமாவ நிறுத்திட்டாங்க நைனா."

"நிறுத்திட்டாங்களா? இவனையா? எவன் நிறுத்தனவன்?" காத்தவராயன் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. ஃப்ரெடி கண் விழித்தான். "இன்னாம்மா நீ, டீம் லீடர்னு பேரு, பார்த்துக்கினு இருந்தியா? வாய் இல்ல உனக்கு? நாளைக்கு நான் வரேன் உங்க ஆபீசுக்கு. இவன் யாருன்னு அவனுக்குத் தெரியுமா? ஃப்ரெடி, நீ சொல்லுடா. தொண்ணூத்தொம்போது, ஜூலை மாசம்…"

"நிறுத்து, காத்தா" என்றார் இன்பராஜ்.

"நீ சும்மா கெட. நான் சொல்றேன். ரெண்டாவது ஷிஃப்ட்டு…"

"நான் கதவப் புடிச்சிக்கினு நிக்கல. மூடறதுக்கு இழுத்துக்கினு இருந்தேன். கீழ கல்லு மாட்டிக்கினு வரல."

காத்தவராயன் சிரித்தார். தொடர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. ரயில் பங்காருபேட்டையில் நின்று ஆள் இறங்கியது. மறுபடி புறப்பட்டு ஊர்ப் பக்கம் திரும்பியது. அதுவரைக்கும் அவர் முட்டிமேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நான் எவ்ளோ தூரத்துல இருந்தேன்?"

"முப்பது அடி இருக்கும்."

"என் தல வௌக்கு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"வௌக்கு மட்டுந்தானா? மூஞ்சி?"

ஃப்ரெடி வெளியே பார்க்க ஆரம்பித்தான். இன்பராஜ் பொய் சொல்லியிருக்கலாம். தூசிதானே, யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

"மூஞ்சியும் தெரிஞ்சுது. நீன்னு தெரிஞ்சுதான் இழுத்தேன்."

காத்தவராயன் தலையை ஆட்டினார். கணக்கு வாத்தியார் சரி போடுகிற மாதிரி ஆட்டினார். ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியது. அவருக்குக் கோபம் அப்புறம்தான் வந்தது. வந்த இடமும் இன்பராஜ் எதிர்பார்த்த இடம் இல்லை.

"மூடினது போவட்டும்டா. அந்த நேரத்துல எவன் இன்னா செய்வான்னு எவனுக்குத் தெரியும்? என் கையி அந்தக் கதவுல இருந்திருந்தா நான் இன்னா செஞ்சிருப்பேனோ. ஆனா இருவத்தாறு வருசம் என்னப் பேச வுட்டு எதிர்ல ஒக்காந்துக்கினு இருந்தியே! எத்தினி பேரு கிட்ட சொன்னேன். எங்கம்மா சாவறப்போ கூட, இவன நல்லா பார்த்துக்கோன்னு அதாண்டா சொல்லிட்டு செத்துது. இவளப் பொண்ணு பார்க்க வந்தவன் கிட்ட சொன்னேன். ஊரெல்லாம் நான் பொய் சொல்லிக்கினு திரிஞ்சிருக்கேன். நீ தெரிஞ்சே கேட்டுக்கினு இருந்திருக்க. தலைய வேற ஆட்டுவியே, தூ."

இன்பராஜ் இறங்குவதற்கு எழுந்து வாசல் பக்கம் போனார்.

மாரிகுப்பத்தில் எல்லாரும் இறங்கினார்கள். ஷில்பா முன்னால் நடந்தாள். காத்தவராயன் நொண்டிக்கொண்டே பத்தடி போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"விமலாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லமாட்டேன். அந்த ஃப்ரெடி வாயி நாளைக்கே ஊரு பூரா சொல்லும். அதுக்குள்ள நீ போயி சொல்லு." அப்புறம், "ஒயுங்கா சொல்லு. கல்லுல ஆரம்பிக்காத" என்றார்.

போய்விட்டார். நாளைக்கு ரயிலில் பார்ப்போமா என்று கேட்க இன்பராஜுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு அவருக்கு ரயிலே கிடையாது.

வீட்டில் விமலா அடுப்பில் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. தண்ணிக் குழாயில் சண்டை வந்தால்கூட, இன்பராஜ் பெண்டாட்டி என்று ஒரு குடம் முன்னால் விடுவார்கள். அதைப் பற்றி அவள் பெருமையாகப் பேசியதில்லை. ஆனால் கேட்டு வாங்கிக்கொள்ளவும் அவளுக்குத் தெரியும். இன்பராஜ் செருப்போடு வாசலிலேயே நின்றார்.

"இன்னா, உள்ள வராம நிக்கிற? கழுத்துல கார்ட காணோம்?"

"வேல போச்சு. அத்த அப்புறம் சொல்றேன். மொதல்ல அந்தக் கதவப் பத்தி சொல்லணும்."

விமலா அடுப்பைக் குறைத்தாள்.

"எந்தக் கதவு?" என்றாள்.